பட்டுக்கு விழுப்பில்லை

ஒரு பெண் எதை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்வதற்குத் திருவனந்தபுரத்தில் என்றைக்குமே ஆளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கரமனை விஜயத்துக்கு அப்படிச் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வீட்டில், இன்னொருவர் ஆபீசில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனாலும் கூடிப் பேசி முடிவு செய்தவர்கள் மாதிரி அவளைப் படுத்தி எடுத்தார்கள். நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் விஜயத்துக்கு மூக்கு விடைக்கும். விடைக்கட்டும். விடைக்க வேண்டிய விஷயந்தான்.

விஜயம் பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். அப்பா தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பலகாரம் போடுகிற சரக்கு மாஸ்டராக இருந்தார். அவளுக்கு ஆறு வயதாகும்போது குடும்பத்தையும் இங்கேயே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் டைப்ரைட்டிங். ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. பத்தொன்பது வயதில், டைப்ரைட்டரும் டூப்ளிகேட்டரும் விற்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். தம்பானூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச்சாரியில், பெரிய கண்ணாடி வைத்த கடை.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மேஜை, மேஜை மேல் புது மிஷின், மிஷினுக்கு முன்னால் விஜயம். வக்கீல் குமாஸ்தாக்கள், ஹெட்மாஸ்டர்கள், சொசைட்டி செக்ரட்டரிகள் என்று வருகிறவர்கள் ஏதாவது ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். விஜயம் கீயைப் பார்க்காமல், அவர்களிடம் பேசிக்கொண்டே அதை அடித்து உருவிக் கொடுப்பாள். ஒரு எழுத்து தப்பாது. அந்த மிஷின் தானாகவே அப்படி அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாங்கிப் போனவர்கள் உண்டு. மேனேஜர் குறுப்பே ஒரு ஓணத்தின்போது எல்லோர் முன்னாலும், பாதி மிஷினை விற்றது விஜயத்தின் பத்து விரல்தான் என்று சொன்னார். சொன்னதை அவர் மறந்துவிட்டார். விஜயம் மறக்கவில்லை.

குறுப்புக்கு மதராஸ் தலைமை ஆபீசில் ஏழு வருஷம் பழக்கம். அங்கிருந்து வரும்போது ஒரு சர்க்குலரும் கொண்டு வந்தார். பெண் ஊழியர்கள் வெளிர் நிறத்தில், பூவேலை இல்லாத, கஞ்சி போட்ட நூல் புடவையோ மெல்லிய வாயில் துணிப் புடவையோதான் உடுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தக் கிளையில் பெண் ஊழியர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருத்தி விஜயம். இன்னொருத்தி கூட்டிப் பெருக்கி டீ வாங்கி வருகிற எலிசாள், களியக்காவிளைப் பக்கத்துக்காரி. எலிசாள் சர்க்குலரை மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டாள். ஆக ஊரிலுள்ள பெண்கள் எல்லோருக்கும் எழுதியது மாதிரி இருந்த அந்தச் சட்டம் விஜயம் ஒருத்திக்காகப் போட்டது.

இருபத்து மூன்று வயதில் கல்யாணம். புருஷன் நாகேஸ்வரன் பழவங்காடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தான். வீடு கரமனை அக்ரஹாரத்தில் கோடி வீடு. மாமியார் இல்லை. மாமனார் கல்யாணராமய்யர் ரிஜிஸ்திரார் ஆபீசில் இருந்து பென்ஷன் வாங்கியவர். நாகேஸ்வரனின் அக்கா அனந்தலக்ஷ்மி, புருஷனை இழந்து திரும்பி வந்தவள், சமையலைப் பார்த்துக்கொண்டாள்.

கல்யாணராமய்யருக்கு ஆசாரம்தான் உயிர். வெளியே போய் வந்த துணி, பஸ்ஸில் நாலு பேர் மேல் பட்ட துணி, அந்த வீட்டில் விழுப்பு. அதோடு எதையும் தொடக்கூடாது, யாரையும் தொடக்கூடாது. ஆபீஸ் விட்டு வந்தால் விஜயம் வாசல் வழியாக நுழையக்கூடாது. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், கிணற்றடியில் தலையோடு குளித்து, கொடியில் யார் கையும் படாமல் உலர்ந்த மடிப் புடவையைச் சுற்றிக்கொண்ட பிறகுதான் அவள் அந்த வீட்டு மருமகள். அதற்கு முன்னால் வேறு யாரோ. ஒன்றாம் தேதி மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு உண்டு. சம்பளக் கவரைக் குளிக்கும் முன்பே வாசல் திண்ணையில் வைத்துவிடச் சொல்லி எடுத்துக்கொள்வார். காகிதத்துக்கு விழுப்பு கிடையாதாம்.

அதையெல்லாம் விஜயம் பொறுத்துக்கொண்டாள். சாயங்காலக் குளியல் உடம்புக்கு நல்லதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். குழந்தை பிறக்கும்வரை அந்தச் சமாதானம் ஓடியது.

எழுபத்து நாலாம் வருஷம் பெண் குழந்தை பிறந்தது. கம்பெனி மூன்று மாத லீவு கொடுத்தது. லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டு, விஜயம் பீரோவைத் திறந்து ஆபீஸ் உடுப்புகளை எடுத்துப் போட்டாள். மலையாளக் கும்ப மாசத்து வெயிலில் ஓடு காய்ந்து அறை தகித்தது. புடவைகளுக்கு ஒன்றும் இல்லை, அவை யாருக்கும் பொருந்தும். பிளவுஸ்தான் வினை. ஐந்து பிளவுஸ். ஐந்தையும் போட்டுப் பார்த்தாள். ஒன்றில்கூட மேல் இரண்டு கொக்கி மாட்டவில்லை. ஜங்ஷனில் தைக்கிற தாசையனிடம் ஓடினாள். அவன் தையலை எல்லாம் பிரித்துப் பார்த்து, உள்ளே அரை அங்குலத் துணிக்கு மேல் கிடையாது என்று கையை விரித்துவிட்டு, அக்குளில் ஒட்டுக் கொடுத்து இரண்டை மட்டும் ஒப்பேற்றித் தந்தான். பால் கசிந்தால் தாங்குவதற்கு நாகேஸ்வரனின் பழைய வேஷ்டியைக் கிழித்து நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். புடவைக்கு, சர்க்குலர் சொன்னபடியே, வெளிர் நீலத்தில் ஒரு வாயில். கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு எடுத்து வைத்தாள். கண்ணாடியில் பார்த்தபோது முன்பிருந்த விஜயம் மாதிரியே கொஞ்சம் தெரிந்தது. அதில் அவளுக்குச் சந்தோஷந்தான்.

திங்கட்கிழமை பதினோரு மணி வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விரல்கள் எதையும் மறக்கவில்லை. அப்போது நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு சொசைட்டி செக்ரட்டரி, மனைவியோடும் கைக்குழந்தையோடும் மிஷின் பார்க்க வந்தார். குழந்தை வீரிட்டு அழுதது. யார் குழந்தை அழுதால் என்ன, தாய் உடம்புக்கு அது தெரியாது. விஜயத்துக்கு மார்பு இரண்டும் கடுத்துப் பால் பீறிட்டு வந்தது. நாலு மடிப்பு வேஷ்டியும், பிளவுசும், மெல்லிய வாயிலும் நனைந்து, வெளிர் நீலத்தில் இரண்டு ஈர வட்டங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. செக்ரட்டரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடி வழியாக ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்தார். விஜயம் தலைப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டு பாக்கி நாலு வரியையும் அடித்து முடித்தாள்.

குறுப்பு அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார். கோபப்படவில்லை. ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். அதுதான் விஜயத்துக்கு இன்னும் எரிச்சல்.

"விஜயம், கொஞ்ச மாசம் உள்ளே ஸ்டோரில இருந்தாப் போதும். முன்னாடி ஆளுங்க வர்ற எடமாக்கும். வேற ஒரு குட்டியைப் பாத்து வெச்சிருக்கேன்."

ஸ்டோர் என்பது பின்பக்கத்து அறை. உடைந்த மிஷின்களும் ரிப்பன் பெட்டிகளும் அடுக்கி, ஜன்னல் இல்லாமல் கிடக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு பெண் உட்கார்ந்துவிட்டால் பிறகு விஜயம் எதற்கு? ஸ்டோரில் கொஞ்ச நாள் இருப்பாள், அப்புறம் ஸ்டோருக்கு எதற்கு ஒரு டைப்பிஸ்ட் என்று யாராவது மதராசிலிருந்து கேட்பார்கள். இது தெரியாத சின்னக் குழந்தை இல்லை அவள். ஒரு வாரம் பாருங்கள் சார் என்று கேட்டாள். சனிக்கிழமை வரைக்கும் என்றார் குறுப்பு.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். இரண்டு மணிக்குள் திரும்ப வேண்டும். கிள்ளிப்பாலம் வழியாகப் போகிற சிவப்பு பஸ்ஸைப் பிடித்துக் கரமனையில் இறங்கித் தெருவுக்குள் ஓடும்போது மணி ஒன்று இருபது. குழந்தை அழுகிற சத்தம் தெருமுனைக்கே கேட்டது. வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"கொழந்தை அழறதுன்னு ஆசாரத்தை விடமுடியுமோ? அதைத் தொட்டா அனந்தம் தொடப்படாது, நான் தொடப்படாது, அடுக்களைக்குள்ள போகப்படாது. குளிச்சுட்டு வந்து எடுத்துக்கோ" என்றார்.

சந்து வழியாக ஓடினாள். வாளி கிணற்றுக்குள் போய்த் தண்ணீர் மொண்டு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. குளித்து, மடி உடுத்திக் கூடத்துக்கு வந்தபோது குழந்தை அழுது அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருந்தது. எழுப்பிப் பால் கொடுத்தாள். ஏழு நிமிஷம். அதற்குள் திரும்பவும் ஆபீஸ் புடவை, திரும்பவும் கொசுவம், திரும்பவும் பஸ். ஈரத்தலையோடு அவள் கடைக்குள் நுழைந்தபோது இரண்டு பத்து. குறுப்பு வாட்சைப் பார்த்தார். அவள் சாப்பிடவே இல்லை என்பது அவளுக்கே சாயங்காலந்தான் ஞாபகம் வந்தது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் இதே கூத்து. அனந்தலக்ஷ்மி பாவம், பாலாடையில் பசும்பாலைப் புகட்டிப் பார்த்தாள். குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு துப்பியது. பகலெல்லாம் பட்டினி, ராத்திரி முழுக்க அழுகை. நாலே நாளில் குழந்தையின் தொடைச் சதை தொளதொளவென்று ஆகிவிட்டது. குளிப்பாட்டும்போது விஜயத்துக்குக் கையில் தெரிந்தது.

நாகேஸ்வரனிடம் சொன்னாள். நல்ல மனுஷன்தான், அவளுக்கு ஒரு தலைவலி என்றால் கடையிலிருந்து மருந்து கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஆனால் அப்பா முன்னால் வாயில் கொழுக்கட்டை. கொஞ்ச நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்றான். பல் இல்லாத குழந்தை எதைக் கடித்துக்கொண்டு பொறுக்கும் என்று விஜயம் கேட்டாள். வேலையை விட்டுவிட்டால் என்ன என்று அவன் கேட்காமல் இருந்ததே பெரிய காரியம். அதை மாமனார் கேட்டார். நேராகக் கேட்கவில்லை. வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தால் வீட்டு முறைப்படி வா என்றுதான் சொல்கிறேன் என்றார். குறுப்பும் அதையேதான் சொன்னார். வேலையை விடச் சொல்லவில்லை, வந்தால் ஆபீஸ் முறைப்படி வா. இந்த இரண்டு முறைக்கும் நடுவில் ஒரு குழந்தை பசியோடு கிடக்கிறது என்பதை மட்டும் இரண்டு பேருமே பேச்சில் சேர்த்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கிணற்றடியில் நின்று குளிக்கும்போது விஜயத்தின் கண் அடுத்த வீட்டுக் கொல்லைக்குப் போயிற்று. அந்த வீட்டு மருமகள் வீட்டுக்கு விலக்காகி மாட்டுக் கொட்டகை ஓரம் தனியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கைக்குழந்தை. அவள் மாமியார் குழந்தையை ஒரு கிழிந்த பட்டுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள், பால் குடித்து முடித்ததும் அப்படியே வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குளிக்கவில்லை, ஒன்றும் இல்லை. பட்டுக்குத் தீட்டு ஒட்டாது. இதைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை பார்த்திருக்கிறாள் விஜயம். நூறு தடவையும் மண்டையில் ஏறாதது அன்றைக்கு ஏறியது. வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

ராத்திரிப் பலகாரம் ஆனதும் மாமனார் கூடத்தில் சாய்ந்துகொண்டிருந்தார். விஜயம் தூண் ஓரமாக நின்று, ஒன்றும் தெரியாதவள் போல் கேட்டாள்.

"அப்பா, ஒரு சந்தேகம். பட்டுக்கு விழுப்பு உண்டோ?"

சாஸ்திர சந்தேகம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கல்யாணராமய்யருக்கு முதுகு நிமிர்ந்துவிடும். மருமகள் இதுவரை ஒன்றும் கேட்டதில்லையே என்ற குறையும் அவருக்கு இருந்தது. மழைக்காலத்தில் மடி உலராவிட்டால் பட்டைக் கட்டிக்கொண்டு பூஜை பண்ணலாம் என்றார். தாத்தா காலத்தில் பட்டுடுத்திக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே கோயிலுக்குப் போய்விட்டு அதே பட்டோடு வந்து சாப்பிட உட்காருவார்கள் என்றார். அரை மணி நேரம் பேசினார். கடைசியில், பட்டுக்கு விழுப்பில்லை, எவன் உண்டென்று சொன்னாலும் என்னிடம் அனுப்பு என்று முடித்தார். விஜயம் சரி அப்பா என்றாள். கதவுக்குப் பின்னால் அனந்தலக்ஷ்மி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

பட்டென்றால் எந்தப் பட்டு? கூறைப்புடவை ஒன்பது கஜம், அரக்குச் சிவப்பு. அதைக் கட்டிக்கொண்டு டைப் அடிக்க முடியாது. நிச்சயதார்த்தப் புடவையில் கையகல ஜரிகை. அடியில் இருந்தது வளைகாப்புக்கு வாங்கின கறுப்புப் பட்டு. மெல்லிய அரக்குக் கரை, ஜரிகை இல்லை. கறுப்பில் பால் கறை தெரியாது. பட்டில் விழுப்பு ஒட்டாது. ஆபீசுக்கும் ஆயிற்று, வீட்டுக்கும் ஆயிற்று என்று அதையும், வளைகாப்பின்போது தளர்வாகத் தைத்த பட்டு ரவிக்கையையும் எடுத்து வைத்துக்கொண்டாள். சர்க்குலர் ஒன்று குறுக்கே நின்றது. இவ்வளவு அடக்கமான புடவையை யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று நினைத்தாள். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை கும்ப வெயிலில் கறுப்புப் பட்டோடு பஸ்ஸில் நின்றாள். முதுகில் வியர்வை ஓடியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடையில் எலிசாள் விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே நின்று, யாருக்கும்மா கலியாணம் என்று கேட்டாள். விஜயம் அவளைத் தனியே அழைத்து முழுக் கதையையும் சொன்னாள். எலிசாள் கடைசிவரை கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

"பிள்ளைக்கிப் பாலு குடுக்கதுக்கு இவ்வளவு சட்டமா? எங்க வீட்டுல பிள்ளை அழுதா எடுத்துக் குடுப்போம். அம்புட்டுதான் சட்டம்."

மத்தியானம் ஒன்று இருபதுக்கு விஜயம் சந்துப் பக்கமே திரும்பாமல் வாசல் வழியாக நேரே ஏறினாள். மாமனார் பதறி எழுந்தார். பட்டுதான் அப்பா என்றாள். முந்தின ராத்திரி பேசின அரை மணி நேரமும் அவர் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. விஜயம் கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். முழுசாக இருபது நிமிஷம். குழந்தை குடித்த சத்தம் வீடெல்லாம் கேட்டது. அனந்தலக்ஷ்மி ஒரு தட்டில் ரசஞ்சாதம் பிசைந்து கொண்டுவந்து அவளுக்கு வாயில் ஊட்டினாள். விஜயத்துக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு மணிக்கு, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல், அவள் நாற்காலிக்குத் திரும்பியபோது மிஷின் மேல் ஒரு மெமோ இருந்தது. சர்க்குலருக்கு விரோதமாகப் பகட்டான பட்டுப் புடவையில் வந்ததற்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும், நாளை முதல் வெளிர் நிற நூல் புடவையில் வராவிட்டால் முன்பக்கத்தில் வேலை இல்லை. அந்த மெமோவை அடித்துக் கொடுக்க அந்தக் கிளையில் வேறு ஆள் கிடையாது என்பதால் குறுப்பு ஒற்றை விரலால் தானே அடித்திருந்தார். நாலு வரியில் ஆறு தப்பு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு தீர்ப்பு தயாராக இருந்தது. கல்யாணராமய்யர் மத்தியானமே தெருக்கோடிவரை போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பட்டுக்கு விழுப்பில்லை என்பது கோயிலுக்குப் போகிற பட்டுக்குத்தான் பொருந்துமாம். பஸ்ஸில் போய் ஆபீசில் உட்கார்ந்த பட்டு, நூல் மாதிரிதானாம். நாளையிலிருந்து குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும்.

விஜயம் குளித்தாள், குழந்தையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். நாகேஸ்வரன் பின்னாலேயே வந்து நின்றான். அவளுக்கு அன்றைக்கு வந்த கோபம் அதுவரை வராத கோபம். அவள் இரண்டு பேர் சட்டத்தையும் வரிக்கு வரி படித்து, அதற்கு நடுவே வழி கண்டுபிடித்து, வெயிலில் பட்டைக் கட்டிக்கொண்டு வெந்து, கறையும் தெரியாமல் விழுப்பும் ஒட்டாமல் நின்று காட்டினாள். வழி கண்டுபிடித்த அன்றைக்கே ஒருவர் சட்டத்தை மாற்றிவிட்டார், இன்னொருவர் சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். அப்படியானால் அவர்களுக்கு நூலும் முக்கியமில்லை, பட்டும் முக்கியமில்லை. அவள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். இவ்வளவு நாள் அது தெரியாமல் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தேனே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை காலை அதே வெளிர் நீல வாயிலை உடுத்தினாள். நாலாக மடித்த வேஷ்டித் துணியை எடுத்தாள், யோசித்தாள், திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

குறுப்பு அவளைப் பார்த்ததும் திருப்தியாகத் தலையை ஆட்டினார். பத்தரை மணிக்கு ஆற்றிங்கல் பக்கத்திலிருந்து ஒரு ஹெட்மாஸ்டர் வந்தார், இரண்டு மிஷின் வேண்டுமென்று. விஜயம் பள்ளிக்கூட சர்டிபிகேட் ஒன்றை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு, கடிகாரம் பார்த்த மாதிரி, பால் வந்தது. நீலப் புடவையில் இரண்டு பக்கமும் நன்றாக விரிந்தது. அவள் தலைப்பை இழுக்கவில்லை. விரலையும் நிறுத்தவில்லை. குறுப்பு உள்ளேயிருந்து கையால் ஜாடை காட்டினார், உள்ளே போ உள்ளே போ என்று. அவள் எழுந்திருக்காததால் அவரே பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், புடவையைப் பார் என்றார்.

"பாத்தேன் சார். வெளிர் நிறம், நூல், பூவேலை இல்லை, கஞ்சி போட்டிருக்கேன். உங்க சர்க்குலர்ல சொன்னது எல்லாம் இருக்கு. இது பால் சார், சாக்கடைத் தண்ணி இல்லை. இதைப் பார்க்க வெக்கமாயிருந்தா நீங்க போய் ஸ்டோர்ல உக்காந்துக்கோங்கோ. எனக்கு இங்கே வேலை இருக்கு."

அவள் குரலைத் தாழ்த்திப் பேசவில்லை. கடை முழுக்கக் கேட்டது. ஹெட்மாஸ்டருக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த சர்டிபிகேட்டை இன்னொரு தரம் அடித்துக் காட்ட முடியுமா என்று மலையாளத்தில் கேட்டார். விஜயம் காகிதத்தைச் சொருகினாள். குறுப்பு திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் திங்கட்கிழமையும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. பார்த்து வைத்திருந்த குட்டி என்ன ஆனாள் என்பதும் யாருக்கும் தெரியாது.

ஆனால் சனிக்கிழமை மத்தியானம் விஜயத்துக்கு அதெல்லாம் தெரியாது. திங்கட்கிழமை வேலை போய்விடும் என்றுதான் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கரமனையில் இறங்கித் தெருவுக்குள் திரும்பும்போது வழக்கமான அழுகை கேட்டது. வாசலில் மாமனார். உள்ளே கூடத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அனந்தலக்ஷ்மி. சனிக்கிழமை மருந்துக்கடை அரைநாள் என்பதால் நாகேஸ்வரனும் இருந்தான்.

விஜயம் வாசல்படி ஏறினாள். நூல் புடவை, பஸ்ஸில் கசங்கினது, பால் காய்ந்து விறைத்தது. கல்யாணராமய்யர் வழியை மறித்துக்கொண்டு சந்துப் பக்கம் கையைக் காட்டினார். அவர் மேல் படாமல் போக இடம் இல்லை. அவள் படாமல் போகப் பார்க்கவும் இல்லை. அவர் தோளை உரசிக்கொண்டு உள்ளே போய் அனந்தலக்ஷ்மியின் கையிலிருந்து குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுகை டக்கென்று நின்றது.

"என்ன காரியம் பண்ணிட்டே நீ? எல்லாம் விழுப்பாயிடுத்தே" என்றார் மாமனார்.

விஜயம் சுவரோரம் உட்கார்ந்து கொக்கியைக் கழற்றினாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"கொழந்தைக்குப் பசிக்கறது அப்பா. எனக்கு ஒரு மணி நேரந்தான் இருக்கு. உங்களுக்கு நாள் பூரா இருக்கு. விழுப்பாயிடுத்துன்னா நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்கோ."

கல்யாணராமய்யர் மகனைப் பார்த்தார். நாகேஸ்வரன் முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொள்ளாமல் நின்றான். மகளைப் பார்த்தார். அனந்தலக்ஷ்மி தம்பி மனைவிக்குச் சாதம் பிசைய அடுக்களைக்குள் போய்விட்டாள், அந்தக் கையோடேயே, குளிக்காமல். கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லையில் கிணற்று ராட்டினம் கிறீச்சிடும் சத்தமும், ஒரு வாளித் தண்ணீர் வயசான தலையில் விழுகிற சத்தமும் கேட்டன.